தோலுக்கடியில் ஊரும் அட்டை

மழைக்காலத்தில் மலையகத் தேயிலை மலைகளில் கொழுந்து பறித்தவர்களுக்கு அட்டைக்கடி புதிதல்ல. ஆகவே, முதுமை மறதி நோய் கண்ட ஓர் ஓய்வுபெற்ற தொழிலாளி தம் தோலுக்கடியில் அட்டை ஊர்கிறது என்று சொன்னால், வீட்டார் முதலில் அவருடைய காலைப் பார்ப்பதே முறை. ஒன்றுமில்லை என்று காட்டிய பிறகும் அவர் புண்ணாகும்வரை சொறிந்துகொண்டே இருந்தால், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் அதைப் பிடிவாதம் என்பார்கள். சிலர் செய்வினை என்பார்கள். இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநீதி.

தோலிலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் பகுதி வழியாக வரும் செய்திகளைத் திரட்டி, உடல் இப்போது எப்படி இருக்கிறது என்ற உணர்வை உருவாக்குவதில் இன்சுலா என்னும் மூளைப்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. நோய் இந்தப் பின்னலைச் சிதைக்கும்போது, வறண்ட தோலின் சிறு குறுகுறுப்பும் தணியாமல் பெரிதாக எழக்கூடும். அதற்கு ஒரு காரணம் தேடும் மூளை, தான் வாழ்ந்த வாழ்விலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இங்கே அட்டை. அந்தக் காரணம் பொருந்துமா என்று சோதித்துத் தள்ளுவதில் மூளையின் முன்மடல், குறிப்பாக அதன் வலப்பக்கம், முக்கியமானது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதுவும் பழுதுபட்டால் எண்ணம் உறுதியான நம்பிக்கையாகிவிடுகிறது. நினைவும் தேய்ந்திருப்பதால், காலையில் சொன்ன விளக்கம் மாலைவரை தங்குவதில்லை.

பூச்சி ஊர்வதாக நம்பும் இந்நிலையை 1938 இல் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் எக்போம் விரிவாக எழுதினார். மறதி நோய் இல்லாதவர்களுக்கும் இது வருவதுண்டு. 2011 இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றத்தால் வரும் முன்மடல் சிதைவு நோயில், உடலைப் பற்றிய இத்தகைய மாயநம்பிக்கைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

ஆனால் அரிப்பு உண்மையாகவும் இருக்கலாம். நெருக்கமான லய அறைகளில் சிரங்கு எளிதில் பரவும். வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவால் கெட்ட நரம்பு, விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர் சோதிப்பார். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பத்துடன் தொடங்கினால் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு நோய் காரணமாக இருக்கலாம் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில், "அட்டையே இல்லை" என்று வாதாடுவதைவிட, "ரொம்ப அரிக்குதா அப்பாயி, எண்ணெய் தடவிவிடுறேன்" என்பது பயன்தரும், நகத்தையும் வெட்டிவிடலாம். மாயநம்பிக்கையைத் தணிக்கும் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு உயிராபத்தையும் பக்கவாத ஆபத்தையும் கூட்டுகின்றன; மூளை நரம்பணுக்களில் லூயி உடல்கள் என்னும் புரதக் கட்டிகள் சேரும் லூயி உடல் வகை மறதி நோயில் உடலை விறைக்கச் செய்து முடக்கியும் விடலாம். ஆகையால், நோயாளி தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் துன்பப்படும்போதே மருத்துவர்கள் அவற்றைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருகிறார்கள்.