ஒத்தி: வாடகையா, அடமானமா?

வீடு தேடிப் போனால் மதுரைப் பக்கம் "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்று கேட்பார்கள். சென்னையில் அதையே லீசு என்கிறார்கள். பத்திரத்தில் போக்கியம் என்று எழுதுவதும் உண்டு. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வது. பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது.

காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆன மாதிரி, ஒற்றி பேச்சில் ஒத்தி ஆனது. கடனுக்கு ஈடாக வந்த சொத்தைக் கடன் கொடுத்தவரே வைத்து அனுபவிப்பதுதான் ஒற்றி. மலையாளத்திலும் இதே சொல்தான். 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுத்த யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்திலும் ஒற்றி இருக்கிறது. போக்கியம் வடசொல், அனுபவிக்கத் தக்கது என்று பொருள், அதில் பிழையில்லை. லீசு என்பதுதான் ஆளைக் குழப்புகிறது. லீசு என்றால் குத்தகை. ஒத்திக்குப் போகிறவர் குத்தகைதாரர் இல்லை. வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் ஆறு வகை அடமானங்களைச் சொல்கிறது. சுவாதீனத்தோடு, அதாவது சொத்தையே கையில் ஒப்படைத்து, கொடுக்கும் அடமானம் அதில் ஒன்று. நம் ஒற்றி அதுதான். அடுத்த பிரிவின்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் இந்த அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். நடப்பில் எட்டு லட்சத்தைக்கூட வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். மோசடிக்கு வழி இங்கேதான் திறக்கிறது.

வழக்கமாக நடப்பது இரண்டு. ஏற்கெனவே பேங்கில் அடமானம் வைத்த வீட்டை அதை மறைத்து ஒத்திக்கு விடுவது ஒன்று. தவணை நின்றதும் பேங்க் கதவில் நோட்டீஸ் ஒட்டும், அப்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியும். முதல் அடமானத்துக்கே முன்னுரிமை என்பதால் அவர் கை தாழ்ந்துவிடும். இன்னொன்று, உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர், தானே ஒத்திக்கு விட்டுப் பணத்தோடு மறைவது.

பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பத்திரத்தைப் பேங்கில் ஒப்படைத்து வாங்கிய கடன் சில நேரம் அதில் வராது. அதற்காக, ஒரே சொத்தை வைத்துப் பல கடன் வாங்குவதைத் தடுக்க 2011-இல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் சிறு கட்டணம் கட்டித் தேடுங்கள். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

சரி, ஏமாந்தாயிற்று, என்ன செய்வது? ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடுவது சகஜம். மனு எழுதும் விதத்தில்தான் நிறைய இருக்கிறது. "லீசுப் பணம் திரும்ப வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அது வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறாகத் தெரியும். "பணம் வாங்கும்போதே பேங்க் அடமானத்தை மறைத்து ஏமாற்றினார்" என்று தேதியோடு எழுதுங்கள். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதுதான் மோசடிக் குற்றத்தின் உயிர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 318(4) பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. அதற்கு முன் நடந்தது என்றால் பழைய 420.

ஊர்ப்பக்கம் மாவட்டக் குற்றப்பிரிவிலும், சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவிலும் மனு கொடுக்கலாம். மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதுவும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பேங்க் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்துவிட்டால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் பேங்க் வழியாகப் போயிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கையே பெரிய சாட்சி. மனுவோடு நகல்களை மட்டும் இணையுங்கள். ஒத்திப் பத்திரத்தின் அசல் உங்களிடமே இருக்கட்டும்.