வெட்டிப் போட்ட கார்டு மூடிய கார்டு அல்ல

வீட்டுக் கடன் வாங்கப் போகிறோம், சிபில் ஸ்கோரை (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து சிபில் நிறுவனம் போடும் மதிப்பெண்ணை) சரிபண்ணிவிடலாம் என்று கையிலிருக்கும் நாலு கிரெடிட் கார்டில் மூன்றை ஒரே வாரத்தில் மூடிவிட்டு வந்து நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள். "சும்மா கிடக்கிற கார்டு ஸ்கோரை இழுத்துவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மூடிய பிறகு பார்த்தால் ஸ்கோர் ஏறவில்லை, முப்பது நாற்பது புள்ளி இறங்கியிருக்கிறது. அதன் பிறகுதான் காரணம் கேட்கிறார்கள். மூடுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

பயன்படுத்தாத கார்டு, பயன்படுத்தாமல் இருக்கிறது என்பதற்காக மட்டும் உங்கள் ஸ்கோரைக் குறைப்பதில்லை. ஐந்து கார்டு வைத்திருந்தால் ஐந்து மார்க் போச்சு என்று கழிக்கிற பரீட்சை அல்ல இது. பல இடங்களில் அது உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. கெடுப்பது மறந்துபோன கார்டு. பயன்படுத்தாததும் மறந்துபோனதும் ஒன்றல்ல, அதைத்தான் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்று கார்டு இருக்கிறது. தினசரி தேய்க்கிற கார்டின் லிமிட் 60,000 ரூபாய். சும்மா கிடக்கிற இரண்டில் ஒன்றுக்கு 1,50,000, இன்னொன்றுக்கு 90,000. மொத்தம் 3,00,000. மாதம் 45,000 செலவு செய்கிறீர்கள். மொத்த லிமிட்டில் 15 சதவீதம்தான் பயன்பாடு. இப்போது அந்த இரண்டு 'உபயோகமில்லாத' கார்டையும் மூடுங்கள். அதே 45,000, ஆனால் லிமிட் 60,000. பயன்பாடு 75 சதவீதம். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, சம்பளம் குறையவில்லை, ஒரு தவணையும் தவறவில்லை. ஆனாலும் சிபிலின் கண்ணுக்கு நீங்கள் கடனில் கழுத்துவரை நிற்கிற ஆள். 90,000 கார்டை மட்டும் மூடியிருந்தால் 21 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருக்கும், பெரிய சேதம் இருந்திருக்காது.

பயன்பாடு 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்வது சட்டம் அல்ல, அனுபவத்தில் வந்த அளவுகோல். 31 ஆனால் இடி விழாது. 70, 80 என்று போனால்தான் வலிக்கும்.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: "நான் மாதாமாதம் முழுத்தொகையும் கட்டிவிடுகிறேனே, எனக்கு எங்கே பயன்பாடு?" கட்டுகிறீர்கள், ஸ்டேட்மென்ட் வந்த பிறகு. வங்கி சிபிலுக்கு அனுப்பும் தகவலில் இருப்பது பெரும்பாலும் அந்த ஸ்டேட்மென்ட் தேதியிலோ, தகவல் அனுப்பும் தேதியிலோ இருந்த நிலுவை. டியூ டேட்டுக்கு முன்னால் முழுதாகக் கட்டியதால் வட்டி வராது, தாமதம் பதிவாகாது. அவ்வளவுதான். நிலுவை சிறியதாகத் தெரியவேண்டுமானால், ஸ்டேட்மென்ட் தயாராகும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஒரு பகுதியைக் கட்டிவிட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுத்தவர்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்பியாக வேண்டும் என்று விதி வந்ததால், இதன் பலன் முன்பைவிட வேகமாகவே தெரிகிறது.

இன்னொரு நுணுக்கம். ஒரே வங்கியில் இரண்டு கார்டு இருந்தால் பல நேரங்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட்தான். அதில் ஒன்றை மூடினால் மொத்த லிமிட் மாறாமலே இருக்கலாம். மூடியே ஆகவேண்டும் என்றால் முதல் பலி அதுவாக இருக்கட்டும்.

பழைய கார்டை மூடினால் கடன் வரலாறே அழிந்துபோகும் என்று பயப்படுபவர்களும் உண்டு. அப்படி உடனே அழியாது. மூடிய கணக்கும் பல ஆண்டுகளுக்கு அறிக்கையில் இருக்கும், நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கதையும் அதில் இருக்கும். ஆனாலும் இருப்பதிலேயே பழைய கார்டு கட்டணமில்லாததாக இருந்தால் அதை மூடுவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

சரி, மறந்துபோன கார்டுக்கு வருவோம். ஸ்கோரை உண்மையிலேயே உடைப்பது இதுதான், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதல் வருடம் கட்டணம் இல்லை என்று சொல்லி ஒரு கார்டு தருகிறார்கள். வாங்கி ஒருமுறை தேய்த்துவிட்டு அலமாரியில் போட்டாயிற்று. அது 'லைஃப்டைம் ஃப்ரீ' அல்ல, 'முதல் வருடம் ஃப்ரீ' மட்டும்தான் என்பது இரண்டாம் வருடம் தெரிய வேண்டும். தெரியாது. ஏனென்றால் நடுவில் செல்போன் எண் மாறியிருக்கும், ஸ்டேட்மென்ட் போவது பழைய அலுவலக ஈமெயிலுக்கு. ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. அது கட்டப்படவில்லை. தாமதக் கட்டணம் ஏறும், அதற்கும் ஜிஎஸ்டி. ரூபாய்க் கணக்கில் இது சிறியதுதான். அறிக்கையில் சிறியதல்ல.

டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் வங்கி அதைத் தாமதம் என்று பதிவு செய்யலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மூன்று நாள் சலுகை ஞாபகமறதிக்குத்தான், ஒன்றரை வருட மறதிக்கு அல்ல. தாண்டிவிட்டால் நாள் கணக்கு டியூ டேட்டிலிருந்தே ஓடும். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே 36 மாதத்துக்குக் கட்டம் கட்டமாக டிபிடி என்று ஒரு பகுதி இருக்கும், எத்தனை நாள் தாமதம் என்ற எண். ஒழுங்காகக் கட்டியிருந்தால் 000. கட்டாத 588 ரூபாய்க்கு அங்கே 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகும். ஐந்து லட்சம் தனிநபர் கடனைக் கட்டாதவருக்கும் அதே கட்டத்தில் அதே 90தான். கடன் பிரிவில் இருப்பவர் கண் ஸ்கோருக்கு அடுத்து நேராகப் போய் நிற்பது அங்கேதான். "சார், அது வெறும் ஃபீதான்" என்ற விளக்கத்தை மனிதர் கேட்பார், மென்பொருள் கேட்காது.

"அந்தக் கார்டை நான் அப்போதே கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டேனே" என்கிறார்கள். வெட்டியது பிளாஸ்டிக்கை. கணக்கு வங்கியின் கணினியில் உயிரோடு இருக்கிறது. ஆப்பில் 'பிளாக்' செய்தாலும் அப்படியே, அது திருடு போனால் செய்கிற வேலை, பெரும்பாலும் பதிலுக்குப் புதுக் கார்டு அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். கார்டின் மேல் போட்டிருக்கும் தேதி முடிந்தாலும் அப்படியே: காலாவதியாவது கார்டு, கணக்கு அல்ல. கஸ்டமர் கேரில் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டு வைத்ததும் போதாது. தயவுசெய்து இதை ஒருமுறையாவது நம்புங்கள். நீங்கள் கேட்டு, நிலுவை பூஜ்யமாகி, வங்கி 'மூடிவிட்டோம்' என்று எழுத்தில் சொன்னால்தான் அது மூடிய கார்டு.

இதற்கு நடுவில், அதிகக் கார்டு கெடுதல் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பாதி உண்மை ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது. கார்டு வைத்திருப்பதைவிட, கார்டுக்கு விண்ணப்பிப்பதுதான் தடம் பதிக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், அந்த விசாரணை பதிவாகும். வணிக வளாகத்தில் பரிசுப் பைக்காக ஒன்று, விமான டிக்கெட் தள்ளுபடிக்காக ஒன்று என்று இரண்டு மாதத்தில் நாலு விண்ணப்பம் போட்டால், பணத்துக்கு அலைகிற ஆள் மாதிரித் தெரியும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அதற்கும் பயந்து வருடக்கணக்கில் பார்க்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணிப்பு. ஒவ்வொன்றிலும் ஸ்கோர் கொஞ்சம் வேறுபடும், அதற்குப் பதறவேண்டாம்.

கேட்காமலே வந்த கார்டா? ஆக்டிவேட் செய்யாதீர்கள். ஆக்டிவேட் ஆகும்வரை அந்தக் கணக்கைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று 2022ஆம் வருட ரிசர்வ் வங்கி வழிமுறை சொல்கிறது. முப்பது நாள் தாண்டினால் ஓடிபி மூலம் சம்மதம் கேட்பார்கள். சம்மதம் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் செலவில்லாமல் மூடியாக வேண்டும். போனில் கேட்கிறார்களே என்று ஓடிபியைச் சொல்லிவிட்டு, பிறகு "நான் கேட்கவே இல்லை" என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வைத்துக்கொள்ள முடிவு செய்த கார்டை உயிரோடு வைத்திருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தெரிவித்து முப்பது நாள் பார்த்துவிட்டு, நிலுவை இல்லையென்றால் வங்கியே மூடலாம். லிமிட்டுக்காக நீங்கள் நம்பியிருந்த கார்டு ஒருநாள் காணாமல் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் ரீசார்ஜ் மாதிரி ஒரு சின்னச் செலவு போதும். ஆட்டோ டெபிட் போடும்போது 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தொகை) அல்ல, 'டோட்டல் டியூ' (முழுத்தொகை) என்று இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். இதில் சறுக்குபவர்கள் எண்ணிக்கை எரிச்சலூட்டுகிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை இரண்டையும் ஆப்பில் அணைத்து வையுங்கள். யாரும் பார்க்காத கார்டில் நடக்கும் திருட்டு மாதக்கணக்கில் தெரியாது.

மூடத்தான் வேண்டுமென்றால், மூடுங்கள். கட்டணத்துக்கு ஏற்ற பயன் இல்லாத கார்டைச் சுமப்பதில் ஒரு லாபமும் இல்லை. ஆனால் கடன் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே செய்யுங்கள், அல்லது கடன் கைக்கு வந்த பிறகு. ஒன்று மூடி, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பயன்பாட்டைப் பார்த்து, பிறகு அடுத்தது. சில வங்கிகள் கடன் தருமுன் "இந்தக் கார்டை மூடிவிட்டு வாருங்கள்" என்று அவர்களே கேட்பதுண்டு. கேட்டால் மூடலாம். கேட்பார்களோ என்று முன்கூட்டியே மூடவேண்டாம்.

மூடுகிற அன்று ரிவார்டு புள்ளிகளை முதலில் தீர்த்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. அந்தக் கார்டில் ஓடும் சந்தா, காப்பீட்டு பிரீமியம் எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். ஸ்டேட்மென்ட்டில் வந்ததை மட்டும் கட்டினால் போதாது, இன்னும் பில்லில் ஏறாத தொகை, பாக்கி இஎம்ஐ, ஆட்-ஆன் கார்டின் செலவு அத்தனையும் கட்டவேண்டும். முப்பது ரூபாய் வட்டி பாக்கி நின்றால் மூடல் நிற்கும். கூடுதலாகக் கட்டியிருந்தால் உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தரவேண்டும், கணக்கு எண்ணைக் கொடுங்கள். வைப்புத்தொகையை அடகு வைத்து வாங்கிய கார்டு என்றால் அந்த வைப்பின் மேல் வங்கி வைத்திருக்கும் அடகுப் பிடியை நீக்கியதற்கும் உறுதி கேளுங்கள்.

கோரிக்கையை ஆப்பிலோ ஈமெயிலிலோ போடுங்கள், கோரிக்கை எண் வேண்டும். தபாலில்தான் அனுப்பவேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. கஸ்டமர் கேரில் பேசினால் "இந்த வருட ஃபீயைத் தள்ளுபடி செய்கிறோம் சார்" என்று இனிமையாகப் பேசுவார்கள். சரி என்று சொல்லிவிட்டால் உங்கள் மூடல் கோரிக்கை அங்கேயே முடிந்தது, அடுத்த வருடம் ஃபீ திரும்ப வரும். நிலுவை ஏதும் இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். நிலுவைத் தகராறு இருக்கும் கார்டில், முழுத்தொகை கட்டாமல் ஒரு தொகையைப் பேசி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அது மூடல் அல்ல, தழும்பு.

நிலுவையில்லாச் சான்று கையில் வந்ததும் 45 நாள் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'குளோஸ்டு' என்றும் நிலுவை பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அறிக்கையைத் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே திருத்தம் கேளுங்கள், சான்றின் நகலை வங்கிக்கும் அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது கேட்பது அந்தக் கோரிக்கை எண்ணைத்தான்.