சுண்டுவிரல் மரத்துப்போகிறதா?

“நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது. நரம்புத் தளர்ச்சியா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன்: சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா?

இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில். அங்கே எலும்புகளுக்கும் தடித்த ஒரு தசைநாருக்கும் நடுவில் குறுகலான பாதை இருக்கிறது. கார்ப்பல் டனல் என்பார்கள். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை அந்த நரம்பின் பொறுப்பு. ஆமாம், பாதிதான்! ஒரே விரலில் நடுவிரல் பக்கம் மரத்திருக்கும், மறுபக்கம் சரியாக இருக்கும். சுண்டுவிரலுக்கான அல்நார் நரம்பு இந்த டனலுக்குள் நுழைவதே இல்லை. மீடியன் நரம்பில் உள்ளங்கைக்கான கிளையோ முன்பே பிரிந்து, தசைநாருக்கு மேலாகப் போய்விடுகிறது. அதனால் விரல்கள் மரத்தாலும் உள்ளங்கை பொதுவாகத் தப்பிவிடும். ஸ்கேனுக்கு முன்பே இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது.

சரி, ராத்திரியில் ஏன்? தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில் டனலுக்குள் மெல்லிய குழாய் செருகி அளந்தார்கள். நல்ல கையில் சராசரி அழுத்தம் 2.5 மி.மீ. பாதரசம், நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை மடக்கியதும் அது 90-ஐத் தாண்டியது. நரம்புக்கே ரத்தம் தரும் நுண்குழாய்கள் அதில் நசுங்கிவிடும். ரத்தம் கிடைக்காத நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்தும், கை மரக்கும். உதறி நிமிர்த்தினால் ரத்தம் திரும்பும். அப்போது நரம்பிழைகள் யாரும் தொடாமலே தாறுமாறாகச் செய்தி அனுப்பும். அதுதான் குறுகுறுப்பு.

கர்ப்பம், தைராய்டுக் குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், அதிரும் கருவிகளோடு வேலை என்று காரணங்கள் பல. முதல் சிகிச்சை மலிவானது: ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை. அப்புறம் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் தசைநாரை வெட்டிவிடும் சிறு அறுவை. கட்டைவிரலடிச் சதை வற்றத் தொடங்கினால் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊரில் எல்லா மரப்புக்கும் “நரம்பு ஊசி” போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு எரிச்சல் தருவது. அதில் இருப்பது வைட்டமின் பி12. அந்தச் சத்து குறைந்தவருக்கு அது அருமருந்து. நசுங்கும் நரம்புக்கு அதனால் இடம் கிடைக்காது.

சுண்டுவிரல் மரத்தால், அல்நார் நரம்பு கடந்துபோகும் முழங்கையைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் தொடங்கிக் கைக்கு ஏறினால் சர்க்கரையும் பி12-உம் பரிசோதியுங்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.