கூரை வார்ப்புக்கு முன் ஒரு கணக்கு: குமரி மாவட்ட வீடுகளுக்கு சோலார் மானியமும் மழைநீர் விதியும்

வீடு கட்டுகிறவர்கள் சோலாரைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் பால்காய்ச்சு முடிந்து, முதல் கரண்ட் பில் கைக்கு வந்த பிறகுதான். அதற்குள் படிக்கட்டு அறை மொட்டைமாடியின் தெற்கு மூலையில் எழும்பியிருக்கும். தண்ணீர்த் தொட்டி நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். மழை ஒழுகக்கூடாது என்று தரையில் ஓடு பதித்திருப்பார்கள்; அதில் துளை போட யாருக்கும் மனம் வராது. மத்திய அரசின் மானியம் அப்போதும் கிடைக்கும். ஆனால் பேனல் வைக்க நல்ல இடம் இருக்காது. அதனால் இந்தத் திட்டத்தை வீடு கட்டி முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, அஸ்திவாரம் தோண்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

திட்டத்தின் பெயர் பி.எம். சூர்ய கர். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ‘இலவச மின்சாரத் திட்டம்’ என்று அழைக்கப்படுவதால் அரசே பேனல் கொண்டுவந்து மாட்டித்தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேனலை நாம்தான் வாங்கவேண்டும், செலவில் ஒரு பங்கை அரசு திருப்பித்தரும். பேனலின் திறன் 1 கிலோவாட் என்றால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் மானியம் 78,000 தான்.

இந்த எண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் 50,000 ரூபாய் என்று அரசு ஒரு விலையை வைத்துக்கொண்டு அதில் 60 சதவீதத்தைத் தருகிறது. மூன்றாவது கிலோவாட்டுக்கு 45,000 என்று வைத்து 40 சதவீதம். நான்காவதற்கு ஒன்றுமில்லை. ஆக, 2 கிலோவாட்டில் அடங்கிவிடும் வீட்டுக்குத்தான் அரசு அதிகம் கைகொடுக்கிறது. சந்தை விலை இந்த அரசு விலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பேனலை உயரமான இரும்புச் சட்டத்தில் நிறுத்தினால் இன்னும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கிய விலைப்பட்டியல் கையில் இருந்தால் புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

சரி, நம் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்? நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததுதான். மின்வாரியத்திலிருந்து எடுத்த யூனிட்டிலிருந்து, நம் பேனல் வழியாக மின்வாரியத்துக்கு நாம் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பில். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதத்தில் 580 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 2 கிலோவாட்டே ஏறக்குறைய போதும். இன்னொன்றும் உண்டு. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். பில் திடீரென்று எகிறுவது அதனால்தான். 500-க்கு மேல் இருக்கும் வீட்டை அதற்குக் கீழே இறக்குவதில்தான் சோலாரின் பெரிய லாபம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடுகள் அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் சோலார் வைத்த வீடுகளுக்கு, மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்காக நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று போடும் முறை இருக்கிறது. விகிதம் அவ்வப்போது மாறுவதால் உங்கள் இ.பி. ஆபீஸில் கேட்டு அதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தது மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் பெருமழை. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம், திருவட்டார் பக்கம் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் உற்பத்தி பாதியாகக்கூட இறங்கும். வேறு மாவட்டத்துக்காரர் காட்டும் உற்பத்திக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மானியத்தைத் துரத்துவதற்கு முன்னால் வீட்டின் தேவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். நான்கு மின்விசிறிகள் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் மிச்சம். கூடுதல் பேனல் வாங்குவதைவிட இது மலிவு. வெயிலை வீட்டுக்குள் விடாமல் இருப்பது அதைவிட மலிவு. பத்மநாபபுரம் அரண்மனையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரை, மர அழிகள், நடுவில் முற்றம். கண்கூசும் வெளிச்சம் உள்ளே வராது, காற்று வரும். அந்தக் கூரையைக் காங்கிரீட்டில் நகல் எடுக்கவேண்டியதில்லை. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடை இரண்டடி நீட்டுவது, எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வைப்பது, மேற்குச் சுவரோரம் ஒரு மரத்தை விட்டுவைப்பது, மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது போதும். பேனலே கூரைக்கு நிழலாகவும் நிற்கும் என்பதால் அதன் கீழுள்ள அறையில் சூடு குறையும். அதை எந்த விலைப்பட்டியலிலும் எழுதமாட்டார்கள்.

இனி கூரை. 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. ஆக, அங்கேயும் 2 கிலோவாட் வைக்க இடம் உண்டு. நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. பேனலைத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்த்தால் போதும். மழைநீர் வழிந்து தூசியும் இறங்கிவிடும். வடக்கே இறங்கும் சாய்வுக்கூரை உள்ளவர்களும் மனம் தளரவேண்டாம். வைகாசி முதல் ஆடி வரை சூரியன் நமக்கு வடக்கில்தான் இருக்கிறது, சாய்வு குறைவாக இருந்தால் இழப்பு சொற்பமே.

உண்மையான எதிரி திசை அல்ல, தென்னை. ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். புரையிடத்தில் மரம் நிற்பவர்கள் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். தவிர்க்கவே முடியாத நிழல் என்றால் ஒவ்வொரு பேனலும் தனித்தனியே வேலை செய்யும் மைக்ரோ இன்வெர்ட்டரைக் கேட்கலாம். சோலாருக்காக நல்ல தென்னையை வெட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மரம் தரும் நிழலும் தேங்காயும் மின்சாரக் கணக்கில் வராதவை.

வார்ப்புக்கு முன் மேஸ்திரியிடம் சொல்லவேண்டியது மூன்றே விஷயம். பேனல் சட்டத்தின் கால்கள் நிற்கும் இடங்களில் காங்கிரீட் குத்துக்கால்களை வார்ப்போடு சேர்த்தே எழுப்பிவிடுங்கள். பிறகு துளை போட்டால் அந்த வழியாகத்தான் மழை இறங்கும். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு பி.வி.சி. குழாயைச் சுவருக்குள் விட்டுவையுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு அறையையும் வடக்குப் பக்கம் தள்ளுங்கள். இதற்காகும் கூடுதல் செலவு மிகக் குறைவு.

பேனலைத் தாங்கும் சட்டத்தின் உறுதியில் கைவைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள். முப்பந்தலில் காற்றாலைகள் எழக் காரணமான அந்தக் கணவாய்க் காற்றுதான் ஆரல்வாய்மொழி, தோவாளை வீடுகளின் மாடியிலும் அடிக்கிறது. குளச்சல், முட்டம், தூத்தூர், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பை அரித்துவிடும். ஹாட் டிப் முறையில் துத்தநாகம் பூசிய சட்டம் அல்லது அலுமினியம், அதற்குத் துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட், உப்புக்காற்றுச் சோதனையான ஐ.இ.சி. 61701 சான்று பெற்ற பேனல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். ஐப்பசி மாதத்துப் பிற்பகல் இடி தெரிந்தவர்களுக்கு இடிதாங்கியும் தனித்தனி எர்த்தும் ஏன் என்று விளக்கவேண்டியதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சோலார் இருந்தால் அப்படிப்பட்ட நாளில் விளக்கு எரியும் என்று பலர் நம்புகிறார்கள். எரியாது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கம்பியில் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரிக்கு இந்தத் திட்டத்தில் மானியம் கிடையாது. வீட்டில் மருந்து குளிர்சாதனத்தில் இருக்கவேண்டியவரோ மூச்சுக்கருவி பயன்படுத்துபவரோ இருந்தால் அந்தச் செலவு தகும்.

கூரையைப் பற்றிப் பேசும்போது மழைநீரை விட்டுவிட முடியாது. அது மானியம் அல்ல, கட்டாயம். 2003-இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இன்றைய கட்டட விதிகளிலும் அது இருக்கிறது. 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையம் வழியாகவே உடனடிக் கட்டட அனுமதி வாங்கலாம். 2,500 சதுர அடி வரை மனை, அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட்; அதில் 3,500 சதுர அடி வரை கட்டடம்; தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ இருக்கலாம். அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்திடுவதற்குப் பதில் விதிப்படி கட்டுவேன் என்று நாமே சான்று கொடுக்கிறோம். மழைநீர்க் குழியும் அந்தச் சான்றுக்குள் அடங்கியது.

1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர். பேனல் வைத்ததால் அது குறையாது. முற்றத்தில் கிணறு உள்ள வீடுகள் கூழாங்கல், மணல், கரி அடுக்கிய வடிகட்டி வழியாக அதைக் கிணற்றுக்கே விடலாம். முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிட ஒரு தனிக்குழாய் வையுங்கள். கூரையில் கிடக்கும் தூசியும் எச்சமும் அதோடு போய்விடும். கிணற்று நீர் உப்பேறிவரும் கடலோர ஊர்களுக்கு இதைவிட எளிய மருந்து இல்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதியவேண்டும். 10 கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், ஏற்றதாகவே கொள்ளப்படும். அப்புறம் அதே தளத்தில் பதிவான விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடவேண்டும். பதிவில்லாதவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அவரிடம் வாங்கியதற்கு மானியம் இல்லை. பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்தவையாக இருக்கவேண்டும். டி.சி.ஆர். பேனல் என்று கேட்டால் கடையில் புரியும்; பில்லில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி முடித்ததும் மின்வாரியம் சோதித்து, இருவழி மீட்டர் வைத்துச் சான்று தரும். அதன் பிறகு நீங்கள் கொடுக்கும் வங்கிக் கணக்குக்கு மானியம் நேராக வரும். ‘மானியத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், மீதியை மட்டும் தாருங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்பனையாளர் 5 ஆண்டு பராமரிக்கவேண்டும் என்பதும் திட்டத்தின் நிபந்தனை.

கையில் பணம் இல்லாதவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரை, 2 லட்சம் ரூபாய்க்குள், ஈடு இல்லாமல் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தோடு இணைந்தது, தனிநபர் கடனைவிட நன்றாகக் குறைவு.

நம் ஊரில் விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கும் இடம் பெயர். குடும்ப வீட்டின் மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலோ, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பெயரிலோ இருக்கும். விண்ணப்பிப்பவர் தம்பியாக இருப்பார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். வாரிசுச் சான்றும் சொத்து ஆவணமும் கொண்டு முதலில் இ.பி. ஆபீஸில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வைத்து விண்ணப்பிக்க முடியாது, வீட்டு இணைப்பு வந்திருக்கவேண்டும். திட்டம் 2026–27 நிதியாண்டு வரை, அதாவது 2027 மார்ச் 31 வரை. அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டுக்கு அது நீண்ட அவகாசம் அல்ல. பூச்சு வேலை நடக்கும்போதே வீட்டு இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள்.