ஓமம் கிருமியை எப்படிக் கொல்கிறது?

ஓம விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் சுருக்கென்று ஏறும் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் தைமால் என்ற பொருள். விதையை நீராவியில் வடித்தால் கிடைக்கும் எண்ணெயில் பல ரகங்களில் பாதிக்கும் குறையாமல் இதுதான் இருக்கும். எண்ணெயைக் குளிரவைத்தால் தைமால் நிறமற்ற படிகங்களாகப் பிரிந்து நிற்கும். முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியதும் இதற்காகத்தான். கிருமிநாசினியாக மட்டுமல்ல, கொக்கிப்புழுவுக்கு மருந்தாகவும் தைமால் அப்போது புழங்கியது.

சரி, அது கிருமியை என்ன செய்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய சவ்வு உண்டு. சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் (நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் அயனிகள்) அதிகம், உள்ளே குறைவு. அணையில் தேங்கிய தண்ணீர் பாய்ந்து டர்பைனைச் சுற்றுவதுபோல, இந்தப் புரோட்டான்கள் உள்ளே பாயும்போதுதான் கிருமிக்கு வேண்டிய ஏடிபி என்ற எரிபொருள் தயாராகிறது. தைமால் தண்ணீரில் லேசாகத்தான் கரையும். கொழுப்பைக் கண்டால் அதற்குள் போய்விடும். அப்படிச் சவ்வுக்குள் புகுந்து மூலக்கூறு அடுக்கை நெகிழ்த்துகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன, புரோட்டான் வேறுபாடு சரிகிறது, ஏடிபி தீர்ந்துபோகிறது.

இதில் ஒரு அழகான தடயம் இருக்கிறது. ஓம எண்ணெயிலேயே சைமீன் என்ற இன்னொரு பொருளும் உண்டு. தைமாலின் ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதியை, எடுத்துவிட்டால் மிஞ்சுவது சைமீன். அதுவும் சவ்வுக்குள் புகும், ஆனால் கிருமியைக் கொல்வதில் ரொம்பவே பலவீனம். ஆக, கொழுப்பில் கரைந்தால் மட்டும் போதாது, அந்த ஹைட்ராக்சிலும் வேண்டும். கற்பூரவல்லியில் இருக்கும் கார்வக்ராலிடம் அது இருக்கிறது; தைமாலில் இருப்பதைவிட ஓர் இடம் தள்ளி. அதனால் அதுவும் நன்றாகவே கொல்கிறது.

எல்லாக் கிருமியும் மடிவதில்லை. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் கூடுதலாக வெளிச்சவ்வு ஒன்றையும், உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகளையும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கின்றன.

மூலிகை எண்ணெய் ஆண்டிபயாடிக்குக்கு மாற்று என்று வரும் செய்திகளை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். பல ஆய்வுகள் எண்ணெயில் நனைத்த காகித வட்டை, கிருமி வளர்க்கும் அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத இடத்தை அளக்கின்றன. ஆனால் அகாரில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதில் சரியாகப் பரவாது, ஒரு பகுதி ஆவியாகியும் போகும். எனவே வட்டத்தின் அளவை மட்டும் வைத்து இரண்டு எண்ணெய்களை ஒப்பிடுவது தவறு. திரவ ஊடகத்தில் எவ்வளவு குறைந்த அளவு போதும் என்று பார்ப்பதே மேல். அதில் தைமாலுக்குப் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. பல ஆண்டிபயாடிக்குகளுக்குச் சில மைக்ரோகிராமே போதும்.

தைமாலை விழுங்கினாலும் கல்லீரல் அதை விரைவாக வேறு பொருளாக மாற்றிவிடும். அவ்வளவு தைமால் ரத்தத்தில் சேராது. அளவைக் கூட்டலாமே என்றால், நம் செல்களுக்கும் கொழுப்புச் சவ்வுதான்.

அதனால் தைமாலுக்கு உடலுக்கு வெளியிலும் வாயிலும்தான் வேலை: தரை துடைக்கும் கிருமிநாசினி, தேன்கூட்டில் தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணியைக் கொல்லும் ஆவி, வாய் கொப்பளிக்கும் திரவம். 1879-இல் உருவான லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தில் இன்று தைமால் 0.064 சதவீதம்தான். குழந்தைக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கும் வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும்: ஓமத் தண்ணீர் வேறு, ஓம எண்ணெய் வேறு. நீர்க்காத எண்ணெயைக் குழந்தை வாயில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.