மலையகப் பிள்ளையின் உயரமும் யாழ்ப்பாணப் பிள்ளையின் உயரமும்

"எங்க ஆளுக எல்லாருமே கட்டைதானுங்க டொக்டர், பரம்பரையே அப்படி."

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டக் கிளினிக்குகளில் நான் அதிகம் கேட்ட வசனம் இது. பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு கீழே சரிந்து கிடப்பதைக் காட்டினால், தாய் சற்றும் கலங்காமல் இதைச் சொல்வார். தாய் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. அதே வசனத்தைப் படித்த உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் சில வைத்தியர்களும் வேறு தொனியில் சொல்லும்போதுதான் பொறுக்க முடிவதில்லை. "யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் பாருங்கள், படிப்பிலும் வளர்ச்சியிலும் எப்படி இருக்கிறார்கள். இவர்கள் எப்போதும் இப்படித்தான்." சமுதாய வைத்தியராக நான் வடக்கிலும் மலையகத்திலும் வேலை செய்திருக்கிறேன். இந்த ஒப்பீடு தவறானது. அது பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதியையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் கிளினிக்கில் வைத்திருக்கும் வளர்ச்சிக் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. அதற்காக பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளந்தது தெற்கு டில்லியில். தாய்ப்பால், சுத்தமான சூழல், போதிய உணவு, நோய்க்கு உடனே மருந்து என எல்லாம் கிடைத்த பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். நோர்வேப் பிள்ளைக்கும் டில்லிப் பிள்ளைக்கும் இடையிலேயே பரம்பரை பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. அப்படியிருக்க ஹட்டன் பிள்ளைக்கும் சாவகச்சேரிப் பிள்ளைக்கும் இடையில் மட்டும் அது எங்கிருந்து வரும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கையின் குடித்தொகை சுகாதார அளவீட்டில், 2006-07இல் தோட்டப்புறத்தின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2016இல் அது 32ஆகக் குறைந்தது. பத்து வருடத்தில் எந்தச் சமூகத்தின் மரபணுவும் மாறாது. நாட்டின் சராசரியோ இரண்டு தடவையும் 17 அளவில்தான் நின்றது. தோட்டம் இன்னும் ஏறக்குறைய இரு மடங்கில் இருக்கிறது. ஆனாலும் அது நகர்கிறது.

இந்த இரண்டு தமிழ்ச் சமூகங்களும் அரச கணக்கில் தனித்தனியாகப் பதியப்பட்டது 1911 குடிசன மதிப்பீட்டில். அப்போது இரண்டு தொகையும் கிட்டத்தட்ட சமம், தலா ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். மொழி ஒன்று, தெய்வங்கள் பெரும்பாலும் ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களோடு இரண்டுக்கும் உறவும் உண்டு. வேறுபட்டது அவர்கள் நிறுத்தப்பட்ட இடம்.

1823ஐப் பாருங்கள். மலையக மக்களின் வருகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு அது. 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தார்கள். அதே 1823இல்தான் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. மறு ஆண்டு உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை ஆரம்பித்தார். மிஷனுக்கும் சைவர்களுக்கும் நடந்த போட்டியில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் முளைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். அந்தக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள், ஆள்சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனோடு சேர்ந்தார்கள். அந்தக் கடன் எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது.

ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் சொந்தக் காணியும். மறு பக்கம் லயன் காம்பரா என்ற வரிசை வீட்டு அறையும் கடன் துண்டும். இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் ஒப்பிடுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

தோட்டப் பள்ளி என்றால் லயன் ஓரத்தில் ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்கப் பிள்ளை மலை இறங்க வேண்டும். நாற்பதுகளில் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கும் மேலான தாமதம். இன்று கிளினிக்குக்கு வரும் பாட்டிமார் கைநாட்டு வைப்பது அந்தத் தாமதத்தினால்தான்.

அப்புறம் குடியுரிமை. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர்கள் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த வாக்குரிமைத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கின. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. போனவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தன. மலையகத்திலிருந்து தேர்தலில் வென்று மறுபடி ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனது 1977இல். எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். வாக்கு இல்லாத ஊருக்கு எந்த அரசியல்வாதி ரோடு போடுவார், எவர் ஆஸ்பத்திரி கட்டுவார்?

இதெல்லாம் பழைய கதை, உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தில் பிறந்து, அரை வயிற்றோடு வளர்ந்த பெண் பிள்ளை உயரம் குறைந்து வளர்ந்தாள். உயரம் குறைந்த, இரத்தம் குறைந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளையும் குட்டையாகவே தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது பரம்பரை போலவேதான் தெரியும். தாய், மகள், பேத்தி மூவரும் கட்டை. ஆனால் கடத்தப்பட்டது பசி. இதைப் புரிந்துகொள்ளாத வைத்தியருக்கு வைத்தியம் செய்யவே வழி இல்லை.

பரம்பரைதான் காரணம் என்றால், அதே வழித்தோன்றல்கள் வேறு இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதே நூற்றாண்டில், அதே தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வியாபாரிகளாக வந்தவர்கள் செட்டியார் தெருவில் கடை போட்டுச் செழித்தார்கள். மலாயாவிலும் இதே பிரிவு. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். தமிழ்நாட்டுக் கூலிகள் றப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கேயும் சில தலைமுறைகளில் ஒரு கூட்டம் டாக்டர், வக்கீல் என்று நின்றது, மறு கூட்டம் தோட்டம் மூடியபோது வீடும் இல்லாமல் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இரண்டு நாட்டிலும் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்தது, முதல் தலைமுறை எந்த வேலைக்கு, எந்த நிபந்தனையில் இறக்கப்பட்டது என்பதே.

யாழ்ப்பாணத்தின் சராசரியைக் காட்டிப் பெருமைப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சராசரிக்குள் எல்லோரும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாங்கில் உட்கார வேண்டும் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, பள்ளிகள் எரிந்தன. ஒரே பரம்பரைக்குள்ளேயே யாருக்குப் பள்ளிக் கதவு திறந்ததோ அவர்கள் முன்னேறினார்கள். போர் வந்து அந்தச் சராசரியையும் குலைத்தது. 2016 கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை அதிகமாக இருந்த மாவட்டம் கிளிநொச்சி, நூற்றுக்கு 18 பேர். நுவரெலியாவில் வறுமை அதைவிட மிகக் குறைவு. ஆனால் அதே 2016இல் உயரம் குறைந்த பிள்ளைகள் நாட்டில் மிக அதிகமாக இருந்தது நுவரெலியாவில். இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் ஒன்று "காசு வந்தால் சரியாகிவிடும்" என்பார்கள், அல்லது "காசு வந்தும் திருந்தவில்லை" என்பார்கள். இந்த வருடத்து வருமானம் இந்த வருடத்துச் சமையலைச் சொல்லும். உயரம் தாயின் பிள்ளைப் பருவத்தையும் சேர்த்துச் சொல்லும். வடக்கில் போருக்கு முன்பே பல தலைமுறை கிடைத்த பள்ளியும் மருத்துவமும், வீட்டைச் சுற்றி இருந்த ஒரு துண்டுக் காணியும் போருக்குப் பிறகும் தாயின் உடம்பில் ஓரளவு மிச்சம் இருந்தன என்பது என் கணிப்பு.

கிளிநொச்சியிலேயே மலையகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 வன்முறைகளில் தப்பி ஓடி வந்தவர்கள். அங்கேயும் காணி உறுதி இல்லாமல் கூலிக்குப் போகும் குடும்பங்கள் அவர்களில் அதிகம். "தோட்டக்காட்டான்" என்று அவர்களைச் சொன்ன வடக்குத் தமிழர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது வெட்கப்பட வேண்டிய வார்த்தை.

இப்படிப்பட்ட ஒப்பீடுகளைப் படிக்கும் ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அளவீடுகள் "தோட்டப்புறம்" என்று சொல்வது ஓர் இடத்தை. அது ஓர் இனத்தைக் குறிப்பதில்லை. தோட்டத்தை விட்டு ஹட்டன் டவுனிலோ கொழும்பிலோ குடியேறிய ஆசிரியரின் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. குடிசன மதிப்பீடு மலையகத் தமிழரை "இந்தியத் தமிழர்" என்று பதிந்து வந்தது. ஆனால் அவர்களில் பலர் தங்களை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொள்கிறார்கள். படித்து மேலே வந்தவர்கள் கணக்கை விட்டு வெளியேறினால், மீதி இருப்பவர்களின் சராசரி தாழ்ந்தே நிற்கும். 1981இல் இந்தியத் தமிழர் நாட்டில் நூற்றுக்கு ஐந்தரைப் பேர், 2012இல் நாலு பேர். இந்தியாவுக்குப் போனவர்கள் ஒரு பகுதி, பெயர் மாறியவர்கள் ஒரு பகுதி. ஆகவே "இருநூறு வருடத்தில் இவர்கள் முன்னேறவே இல்லை" என்ற பேச்சு கணக்குப்படியும் பிழை.

கிளினிக்கில் இந்தப் பரம்பரைப் பேச்சு செய்யும் கெடுதியைச் சொல்கிறேன். கோடு சரிகிற பிள்ளையை அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தாயின் இரத்தத்தைப் பரிசோதிக்க மாட்டார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்களா என்று கேட்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வருகிற பிள்ளையின் லயனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். "அப்பன் குடிக்கிறான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குடி பெரிய பிரச்சினைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் குடிக்காத வீட்டுப் பிள்ளைகளும் கட்டையாகத்தான் இருக்கிறார்கள்.

தாய்மாரிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இரண்டு வயது வரை மாதம் தவறாமல் எடை பாருங்கள், உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணீராகக் கொடுக்காமல் குழைத்த சோறு, பருப்பு, கீரை, இடித்த நெத்தலிக் கருவாடு, முட்டை என்று கெட்டியாகக் கொடுங்கள். பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு வளராது. அரசு தரும் சத்துமாவான திரிபோஷா அந்தப் பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுக்கப்படுவது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் யாருக்கும் பலன் இல்லை.

தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. கிளினிக் பெரும்பாலும் காலையில் நடக்கிறது, கொழுந்து எடுக்கும் நேரமும் அதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கொழுந்தின் நிறை குறையும், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். கிளினிக்குக்கு வராத தாயை "அக்கறை இல்லாதவள்" என்று எழுதும் முன் அந்த அரைப்பேரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிளினிக் நாளில் வளர்ச்சி அட்டையைக் காட்டும் தாய்க்கு முழுப்பேர் போடுவது ஒரு தோட்டத்துக்குப் பெரிய செலவு இல்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்திலேயே மாதம் ஒரு நாள் எடை பார்க்க இடம் கொடுத்தால் அந்தச் செலவும் இல்லை. தமிழ் பேசும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் அங்கே வந்துபோக, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கேளுங்கள். தோட்டத் தலைவர்மாரும் ஆசிரியர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அந்தக் கடிதத்துக்கு இன்னும் பலம் உண்டு.