மூலிகைதானே, என்ன செய்துவிடும்?

ஏப்ரலில் வந்தவருக்கு 36 வயது. முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டினார். முன்னங்கை இரண்டிலும் சொறிந்து சொறிந்து நகக்கீறல், சில இடங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. கண் மஞ்சள். காமாலையைக் காட்டும் பிலிருபின் 9. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அவர் மனைவிதான் பையிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூல். இன்னொன்று, ஆண்மையைக் கூட்டுமாம், குடல் பாக்டீரியாப் பொடி. "அது மாத்திரை இல்லையே டாக்டர், மூலிகைதானே?"

போன வாரம் அதே கேப்சூலோடு இன்னொருவர் வந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு மூலிகை வேலை செய்கிறது என்றால் அதிலிருக்கும் ஏதோ ஒரு வேதிப்பொருள் வேலை செய்கிறது. அதுவும் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும். பலன் என்றால் மருந்து, பக்கவிளைவு என்றால் வெறும் இலைதழை என்று இரண்டு விதமாகப் பேச முடியாது. எட்டிக்காயும் மூலிகைதான், அரளியும் செடிதான். பாட்டி பாலில் ஒரு சிட்டிகை அமுக்கராப் பொடி கலந்து கொடுத்தது வேறு. அதன் சாரத்தைச் செறிவாக்கிக் கேப்சூலில் அடைத்து மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. அமுக்கராவால் மஞ்சள் காமாலை வந்தது ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. சில சிறிய ஆய்வுகளில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் கூடியதும் உண்மைதான். அந்தக் கொஞ்சத்துக்காகவா கல்லீரலைக் கொடுப்பது?

சித்த மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வந்த இவர்கள் யாரும் படித்த சித்த மருத்துவரிடம் போய் அளவு கேட்டு வாங்கியவர்கள் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மொபைலில் ஆர்டர் போட்டவர்கள்.

சரி, குடல் பாக்டீரியா? 2013-இல் வளர்ந்த ஆண் எலியின் குடல் பாக்டீரியாவை இளம் பெண் எலிக்கு மாற்றியபோது டெஸ்டோஸ்டிரோன் கூடியது. நல்ல ஆய்வு, மேலே தேட வேண்டிய விஷயம். ஆனால் அதைக் காட்டி மனிதனுக்குப் பொடி விற்க இன்னும் எந்த ஆதாரமும் இல்லை.

ஏப்ரலில் வந்தவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று எப்படித் தெரிந்தது? ஏதோ ஒரு பேக்கேஜ் பரிசோதனை. மாலை நான்கு மணிக்கு, சாப்பிட்ட பிறகு எடுத்த இரத்தம். 270. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்து, இரண்டும் 300-க்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்போம். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்; சில லேப் முறைகளில் அது ரிசல்ட்டையே மாற்றிவிடும்.

இரண்டு டப்பாவையும் நிறுத்தினோம். காமாலை இறங்க இரண்டு மாதம் பிடித்தது. அப்புறம் காலையில் எடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 340, 365. ஆனால் எடை 104 கிலோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.6. "இவர் குறட்டைக்கு நான் வேற ரூம்ல படுக்கிறேன் டாக்டர்" என்றார் மனைவி. தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தது. சோர்வு, ஆர்வக் குறைவு எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருந்தது. அதை ஒரு வருடமாக யாரும் பார்க்கவில்லை.

இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர்கள் 'பவர்' லேகியத்தைத் தொடவே கூடாது. அந்த வகைச் சரக்கில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும், நிறுத்தியும் விடலாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் கிட்டேயே போகாதீர்கள். எதைச் சாப்பிட்டிருந்தாலும் சிறுநீர் அடர் மஞ்சளானால், உடம்பு அரித்தால், அன்றே நிறுத்திவிட்டு வாருங்கள்.

வரும்போது டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டாம், தயவுசெய்து. கையோடு கொண்டு வாருங்கள். நான் திட்ட மாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும்.